டிரஸ்டி, தர்மகர்த்தா, அறங்காவலர்

ஈரோட்டில் ஒரு சிறிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது. விசைத்தறியில் விரலை இழந்தவர், கூலி பாக்கிக்காக நடையாய் நடப்பவர், ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண் என்று வக்கீல் ஃபீசுக்கு வழியில்லாதவர்களுக்கு வழக்கு நடத்துகிறார்கள். அண்மையில் அங்கே இரண்டு இடங்களுக்குப் புது டிரஸ்டிகளைப் போட்டார்கள். அறிவிப்பைச் சரிபார்த்துத் தரும்படி ஒரு தாள் என்னிடம் வந்தது. 'புதிய தர்மகர்த்தாக்கள் நியமனம்' என்று தலைப்பு. கொண்டுவந்த தம்பியே கேட்டார்: "ஏனுங்கண்ணா, இதப் பாத்தா கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ்னு நெனச்சுக்க மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. நம் பக்கம் தர்மகர்த்தா என்றதும் மாரியம்மன் நோம்பிப் பத்திரிகைதான் கண்முன் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் 'கர்த்தா'வில் இருக்கிறது. வடமொழியில் அதற்குச் செய்பவர் என்று பொருள். ஆனால் திருப்பூரிலும் கோவையிலும் தொழில் செய்கிறவர்களுக்கு அந்தச் சொல் வேறு விதமாகப் பழக்கம். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பெயரில் வருமான வரி கட்டும்போது கையெழுத்துப் போடும் குடும்பத் தலைவர்தான் அவர்களுக்குக் கர்த்தா. குடும்பச் சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு. டிரஸ்டியின் நிலை அப்படி இல்லை. சொத்து அவர் பெயரில் நிற்கும், அதன் பலன் வேறொருவருக்குப் போகும்.

ஆங்கிலத்து 'டிரஸ்ட்' பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, நம்பிக்கை என்று பொருள். கடைசியில் ஒட்டும் 'ஈ' பெற்றுக்கொள்பவரைக் குறிக்கும், நாமினி என்கிறோமே அதுபோல. ஆக, டிரஸ்டி என்றால் நம்பி ஒப்படைத்ததைப் பெற்றுக்கொண்டவர். தமிழில் இந்த நம்பிக்கை குற்றவியல் பக்கம்தான் அதிகம் தங்கியது: ஒப்படைத்த பணத்தைத் தின்றால் 'நம்பிக்கை மோசடி' என்று வழக்குப் போடுவார்கள். பத்திரப் பதிவில் அதே டிரஸ்ட் 'அறக்கட்டளை' ஆகிவிடுகிறது. இந்தக் கட்டளைக்கு உத்தரவு என்று பொருள் கொள்ளக் கூடாது. இன்ன பூசைக்கு இன்ன வருமானம் என்று கோயிலுக்கு எழுதிவைக்கும் ஏற்பாட்டின் பெயர் அது. கட்டளைதாரர் என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததுதான்.

தர்மகர்த்தாவுக்குப் பதிலாக நான் தலைப்பில் போட்ட சொல் அறங்காவலர். அதில் எனக்குப் பிடித்தது 'கா' என்ற வினை. காத்தல்தான் வேலை என்று சொல்லே சொல்லிவிடுகிறது. சோளக்காட்டில் பரண்மேல் காவலிருப்பவருக்குக் கதிர் சொந்தமில்லை, ஆனால் ஒரு கதிர் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சொல் பிற்காலத்தது என்றாலும் அதன் கருத்து பழையது. கோயில் கொடைகளைப் பதிவு செய்த கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில், இந்தத் தருமத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று பொருள்படும் வரி வரும். கொடுத்தவரே, பின்னால் வந்து காக்கப்போகும் முகம் தெரியாத ஒருவரின் காலைத் தலையில் தாங்குகிறார். படிக்கும்போதெல்லாம் நெஞ்சைத் தொடுகிற வரி அது.

அறக்கட்டளையில் 'க்' வருகிறது, அறங்காவலரில் மட்டும் ஏன் 'ங்'? பலரும் 'அறக்காவலர்' என்று எழுதிவிடுகிறார்கள். அறம் போன்ற சொல்லின் கடைசியில் வரும் 'ம்' என்ற மகர மெய்க்கு நன்னூல் இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று, அந்த மெய் அழிந்து வல்லினம் மிகுவது. மரக்கிளை, அறக்கட்டளை எல்லாம் அப்படி. மற்றொன்று, வரும் வல்லினத்துக்கு இனமான மெல்லினமாகத் திரிவது. நிலத்தைக் கடந்தவனை நிலங்கடந்தான் என்பது போல அறத்தைக் காவல் செய்பவர் அறங்காவலர். நன்னூல் எழுதிய பவணந்தியார் கொங்கு நாட்டவர் என்று கொங்கு மண்டல சதகம் பாடுவதால், இந்த விதியை நம்ம ஊர்க்காரர் சொன்னதாகவே நான் வைத்துக்கொள்வேன்.

தக்கார் என்பவர் வேறு. கோயிலுக்கு அறங்காவலர்கள் இல்லாதபோது இடைக்காலப் பொறுப்புக்கு அமர்த்தப்படுபவர் அவர். மூன்று பேருக்குக் குறையாமல் ஐந்து பேருக்கு மிகாமல் அறங்காவலர் குழு அமைக்கலாம் என்ற 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கும் இந்து சமய அறநிலையத் துறைக் கோயில்களுக்கானது. சட்ட உதவி அறக்கட்டளைக்கு அதன் சொந்தப் பத்திரம்தான் முதல் வழிகாட்டி. எத்தனை பேர், யார் நியமிப்பது, எத்தனை ஆண்டு என்பதை அதில் பார்க்க வேண்டும். பொது அறக்கட்டளையில் தவறு நடந்தாலோ நிர்வாகத்துக்கு வழி தெரியாமல் போனாலோ, அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, அனுமதி பெற்று நீதிமன்றம் போகலாம். பழைய அறங்காவலரை நீக்கவும் புதியவரை நியமிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அதே நேரம் எல்லா டிரஸ்டியையும் அறங்காவலர் என்று சொல்லிவிட முடியாது. 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்கானது. பேரப்பிள்ளைகளுக்காகத் தோட்டத்தை எழுதிவைக்கும் குடும்ப டிரஸ்டில் பொது அறம் ஏதும் இல்லை. அங்கே பொறுப்பாளர் என்றாலே போதும்.

தலைப்பை மாற்றிய பிறகு தம்பிக்கு இன்னொரு சந்தேகம். அடுத்த வரியில் 'புதிய நிர்வாகிகள் தேர்வு' என்று போட்டிருந்தார்கள். நிர்வாகி சம்பளத்துக்கு இருப்பவராகவும் இருக்கலாம், தேர்வு என்றால் ஓட்டுப் போட்டார்களா என்று தோன்றும். அதையும் அடித்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்: 'நமது அறக்கட்டளையின் அறங்காவலர் குழுவில் காலியாக இருந்த இரண்டு இடங்களுக்கு, பத்திரத்தில் கண்டபடி புதிய அறங்காவலர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர்.' தம்பி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "இது சரிங்கண்ணா" என்று வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினார்.