வி.எல்.எஃப். என்பது மிகத்தாழ் அலைவெண்

3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள வானலைகளை வி.எல்.எஃப். (வெரி லோ ஃப்ரீக்குவென்சி) என்கிறார்கள். ஓர் அலையின் நீளமே 10 முதல் 100 கி.மீ. வரும். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இதைத் 'தாழ்ந்த அலைவரிசை' என்று சொல்லிவிடுகிறோம். வானொலி கேட்டு வந்த பழக்கம் அது. ஆனால் அலைவரிசை நிலையத்தைச் சுட்டும் சொல். இங்கே வேண்டியது எண்.

ஃப்ரீக்குவென்சியின் வேர் லத்தீன். முதலில் கூட்டம், நெருக்கம் என்று பொருள். பிறகு அடிக்கடி நிகழ்வது. அதன் பிறகே நொடிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு. தமிழில் அலைவு + எண் = அலைவெண். 'அலையெண்' என்று எழுதிவிடக் கூடாது. அது குறிப்பிட்ட நீளத்துக்குள் எத்தனை அலை என்பதைச் சொல்லும் வேறு அளவு. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதிர்வெண், இலங்கையில் மீடிறன் (மீள் + திறன்). இரண்டும் நல்ல சொற்கள்தாம். அதிர்வு என்றதும் ஒலி நினைவுக்கு வருவதால் வானலைக்கு அலைவெண்ணே பொருந்தும்.

கேட்டுப் பார்க்க 1 மீட்டர் சதுர மரச்சட்டத்தில் 0.4 மி.மீ. எனாமல் செம்புக் கம்பியை 50 சுற்று சுற்றுங்கள். ஏறக்குறைய 200 மீட்டர் கம்பி போகும். அதை இரண்டு தடமுள்ள யூஎஸ்பி ஒலி அட்டையில் செருகி, வரும் அலைகளை அலைவெண் வாரியாகத் திரையில் காட்டும் 'ஸ்பெக்ட்ரம் லேப்' மென்பொருளைத் திறவுங்கள். லயத்து வீடுகளையும் மின்கம்பிகளையும் விட்டு விலகி, செம்பனைக் காட்டுக்குள் வைப்பது நல்லது. மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும். சார்ஜரைச் செருகினால் திரை முழுக்கக் கோடு கோடாக இரைச்சல் ஏறும்.

19.8 கிலோஹெர்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் கடற்படை நிலையம் தடித்த பட்டையாகத் தெரியும். சட்டத்தின் விளிம்பை மேற்கே திருப்பினால், ஒலிபரப்பு நடக்கும் வேளையில், 18.2-இல் 2,600 கி.மீ. தள்ளியுள்ள திருநெல்வேலி விஜயநாராயணம் நிலையம் கிடைக்கும். குறுக்கே பளிச்சிடும் கீற்றுகள் மின்னல். மாலை இடிமழை நேரத்தில் அவையே திரையை மூடிவிடும். விடியலுக்கு முன் முயலுங்கள்.

இவை பெரிய நிலையங்கள். பொழுதுபோக்காக வானலை அனுப்பும் அமெச்சூர்கள் 8.27 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் மெல்லிய குறிப்பலையைப் பிடிக்கத்தான் எண் துல்லியம் வேண்டும். இரைச்சலை ஒதுக்க 0.001 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் தேட வேண்டும். ஒரு தடவை பார்க்கவே 1,000 நொடி ஆகும். சாதாரண ஒலி அட்டையில் நேரத்தை அளக்கும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் 0.165 ஹெர்ட்ஸ் தள்ளிப்போகும், அதாவது 0.001 ஹெர்ட்ஸ் அகலக் கட்டங்களில் 165 கட்டம்! வெயில் ஏற ஏறப் பிசகும் மாறும். அதனால்தான் இரண்டாவது தடம்: ஜி.பி.எஸ். கருவியின் நொடித் துடிப்பை அதில் கொடுத்தால், மென்பொருள் அதை வைத்து ஒலி அட்டையின் பிசகைத் திருத்திக்கொள்ளும்.