எட்டு பேர் வீடியோ ஏற்றினால் சர்வர் ஏன் நிற்கிறது?

பெங்களூரில் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சாயங்காலம் இணையதளம் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் சிபியு சும்மா இருக்கிறது, மெமரியும் தாராளம். கனெக்‌ஷன்களை எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது: எட்டு பேர் போனிலிருந்து வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள், வருகிற கோரிக்கைகளைக் கவனிக்க எங்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த வொர்க்கர் புராசஸ்களும் எட்டுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபைல் 20 எம்பி, அனுப்புகிறவர் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் பஸ்ஸுக்குள் இருக்கிறார், நொடிக்கு 1 மெகாபிட்தான் போகிறது (ஒரு எம்பி என்பது 8 மெகாபிட்) என்றால் முழுசாக ஏற 160 நொடி ஆகும். ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும் என்கிற அமைப்பில், அத்தனை நேரமும் அது அடுத்த துண்டு வருமா வருமா என்று காத்துக்கிடக்கும். லாகின் செய்ய வந்தவரும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதற்குத்தான் நம் அப்ளிகேஷனுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (nginx) மாதிரி ஒரு வெப் சர்வரை வைப்பது. ஈகோர் சிசோயெவ் என்ற புரோகிராமர் எழுதி 2004இல் வெளியிட்டது. ஒரே புராசஸ் ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன்களைப் பார்த்துக்கொள்ளும், எதில் டேட்டா வந்திருக்கிறதோ அதை மட்டும் தொடும். மெதுவாக வருகிற ஃபைலைத் தற்காலிகமாக டிஸ்க்கில் சேர்த்துவைத்து, முழுசாக வந்தபின் ஒரே மூச்சில் வொர்க்கரிடம் தள்ளிவிடும். ஆனால் அந்தத் தற்காலிக ஃபோல்டர் இருக்கும் டிஸ்க் நிரம்பினால் அப்லோடு எல்லாம் தோற்கும், அதையும் கண்காணிக்க வேண்டும். அப்புறம், கோரிக்கையின் அளவுக்கு என்ஜின்எக்ஸ் தானாக வைத்திருக்கும் வரம்பு 1 எம்பிதான். நாம் கூட்டாவிட்டால், அதைவிடப் பெரிய ஃபைலுக்கு 413 (கோரிக்கை மிகப் பெரிது) என்ற பிழை வரும்.

டவுன்லோடுக்கு நம் பெங்களூர் தர்ஷினி (செல்ஃப் சர்வீஸ்) ஓட்டல் முறைதான் சரி. கேஷில் இருப்பவர் பில்லை மட்டும் கொடுக்கிறார், தோசை வேறு கவுன்டரில் கிடைக்கிறது, அதனால்தான் வரிசை நகர்கிறது. அதேபோல, இவர் இந்த ஃபைலைப் பார்க்கலாமா என்பதை மட்டும் நம் அப்ளிகேஷன் சரிபார்த்து, எக்ஸ்-ஆக்செல்-ரீடைரெக்ட் என்ற ஹெட்டரில் (பதிலின் தலைப்பு வரியில்) ஃபைல் இருக்கும் பாதையை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடலாம். மீதியை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளும். அதிலும் லினக்ஸின் சென்ட்ஃபைல் வசதியை இயக்கிவைத்தால், கர்னலிலிருந்து (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) புரோகிராமின் மெமரிக்கு ஒருமுறை, திரும்பக் கர்னலுக்கு ஒருமுறை என்று டேட்டாவை நகலெடுக்கும் வேலை மிச்சம். எச்டிடிபிஎஸ் என்றால் மட்டும் இந்த லாபம் தானாகக் கிடைக்காது, ஏனென்றால் என்கிரிப்ட் செய்ய டேட்டா புரோகிராமுக்குள் வந்தாக வேண்டும். அந்த வேலையைக் கர்னலே செய்கிற கேடிஎல்எஸ் இருந்தால் தப்பிக்கலாம்.

அன்று ராத்திரியே எங்கள் சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸை வைத்தோம். வொர்க்கர் கடைசிவரை எட்டுதான்.