சைக்கிளுக்கும் பைக்குக்கும் மின்மோட்டார்: விலைப்பட்டியலுக்கு முன் பார்க்க வேண்டிய விதி

பழைய சைக்கிளுக்கோ பெட்ரோல் பைக்குக்கோ மின்மோட்டார் பொருத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘எத்தனை வாட் போடலாம், எத்தனை கிலோமீட்டர் போகும்?’ என்பதைத்தான். கடைக்காரரும் 350 வாட், 750 வாட், 1000 வாட் என்று விலையோடு வரிசையாகச் சொல்வார். அந்த வரிசையில் எதைத் தொட்டால் உங்கள் வண்டி சைக்கிளாகவே நீடிக்கும், எதைத் தொட்டால் பதிவெண் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும் என்பதை அவர் சொல்வதில்லை. அதைச் சொல்லும் விதி 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. மோட்டாரையும் பேட்டரியையும் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த விதிகளில் 2(யு) என்ற பிரிவு, பேட்டரியில் ஓடும் வாகனம் எது என்று வரையறுக்கிறது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அது ‘மோட்டார் வாகனம்’ ஆகாது என்ற விலக்கையும் அதே பிரிவு தருகிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. சரியான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று ஒளியைத் திருப்பிக் காட்டும் பிரதிபலிப்பான்களும் வேண்டும். பெடலுக்குத் துணையாக மட்டும் மோட்டார் இருக்கும் வண்டியானால், வேகம் 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் உதவி குறைந்து, 25-இல் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும்.

இவையெல்லாம் பொருந்தினால் பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை. ஆனால் விதியில் இன்னொரு சொற்றொடர் உண்டு. பலர் அதைப் படிப்பதில்லை. இந்த நிபந்தனைகளை, 126-வது விதியில் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து உறுதி செய்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், நம் ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அப்படிப்பட்ட நிறுவனங்கள். ஆகவே ‘250 வாட்தான் சார், ஒன்றும் வேண்டாம்’ என்ற கடைக்காரரின் வாய்மொழி மட்டும் போதாது. சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். தனித்தனியாகப் பொருள்களை வாங்கி வீட்டில் பூட்டிய சைக்கிளை யாரும் தெருவில் நிறுத்திச் சான்று கேட்பதில்லை என்பது உண்மைதான். அந்த வண்டி யார் மீதாவது மோதிய பிறகுதான் கேள்வி வரும். அப்போது விலக்குக்கு ஆதாரம் காட்ட வேண்டியவர் நீங்கள்.

‘முப்பது நிமிடத் திறன்’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தொடர்ந்து அரை மணி நேரம் தரக்கூடிய சராசரித் திறன் அது. மேட்டில் ஏறும்போது சில நொடிகளுக்கு மோட்டார் இதைவிட அதிகமாக இழுக்கலாம். 36 வோல்ட் பேட்டரியில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர் என்று இருந்தால், பேட்டரியிலிருந்து ஒரு நேரத்தில் 540 வாட் வரை எடுக்க முடியும். அதனால் மட்டும் மோட்டார் 250 வாட் வரம்பை மீறியதாகாது. இதே குழப்பம் எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. 500 வாட் மோட்டாரின் மேல் 250 என்று ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டியிருக்கும் காகிதத்தை நம்பாமல் கன்ட்ரோலரில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 48 வோல்ட், 25 ஆம்பியர் என்று இருந்தால் அது 1200 வாட் இழுக்கும் அமைப்பு. அதைச் சைக்கிள் என்று சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது.

250 வாட் போதுமா? நம் சமவெளி ஊர்களுக்குப் போதும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகச் சக்கரத்தில் ஏறக்குறைய 175 வாட் வேண்டும். அதில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. அதே வண்டி 45-இல் போக வேண்டுமானால் 800 வாட் ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தேவை நான்கு மடங்குக்கு மேல் போய்விட்டது. பெரிய மோட்டார் கேட்பவர் உண்மையில் கேட்பது வேகத்தைத்தான். அந்த வேகத்தில் போக வேண்டுமானால் சைக்கிளின் பிரேக்கும் சட்டகமும் டயரும் அதற்குத் தக்கவையாக இருக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேம்பாலத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏற 260 வாட் அளவுக்குத் தேவைப்படும். காலும் கொஞ்சம் மிதித்தால் எளிதாக முடியும்.

மலையூர்களில் கதை வேறு. நூறுக்குப் பத்து ஏறும் சாலையில் மோட்டார் 250 வாட்டும் கால் 100 வாட்டும் கொடுத்தால் மணிக்கு 11 கிலோமீட்டர்தான் கிடைக்கும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டார் இவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது எடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடலாம். அங்கே பெடல் அச்சில் பொருத்தும் நடு மோட்டார்தான் சரி. அது சைக்கிளின் சங்கிலி, பல்சக்கரம் வழியே இழுப்பதால் கியரைக் குறைத்து மோட்டாரை வேகமாகச் சுழலவிடலாம். விலை அதிகம், சங்கிலியும் சீக்கிரம் தேயும். சமவெளியில் ஓட்டுபவருக்குப் பின்சக்கரத்தில் பொருத்தும், உள்ளே பல்சக்கரம் உள்ள ஹப் மோட்டார் போதும். பேட்டரி தீர்ந்தாலும் மிதித்து வீடு வர முடியும். பல்சக்கரம் இல்லாத ஹப் மோட்டாரில் காந்த இழுவை இருப்பதால் மிதிப்பது மாவாட்டுவதுபோல இருக்கும். முன்சக்கரத்தில் பொருத்துவது எளிது என்பார்கள்; முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை அலுமினியமாக உள்ள சைக்கிளில் அதைச் செய்யாதீர்கள். மோட்டாரின் முறுக்கில் அச்சு கழன்றால் விழுவது முகம் குப்புறத்தான்.

பேட்டரியைக் கணக்கிட ஒரே ஒரு பெருக்கல் போதும். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் (Ah) பெருக்கினால், பேட்டரி சேமிக்கும் ஆற்றலான வாட்-அவர் (Wh) கிடைக்கும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 360 வாட்-அவர் இருக்கிறது. மிதித்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கு 8 முதல் 12 வாட்-அவர் ஆகும். முப்பது கிலோமீட்டர் தாராளமாக வரும். மிதிக்காமல் கைப்பிடியைத் திருகியே போனால் 15-க்கு மேல் ஆகும். இருபதைத் தாண்டினால் சந்தோஷப்படுங்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரம் முதல் கணக்கைச் சேர்ந்தது, நாம் ஓட்டுவது இரண்டாவது கணக்கில். பேட்டரி தொடர்ந்து தரக்கூடிய ஆம்பியர், கன்ட்ரோலர் கேட்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரைக் கடன் வாங்காதீர்கள். பத்து லித்தியம் அயன் செல்களை வரிசையில் கோத்த 36 வோல்ட் பேட்டரி 42 வோல்ட்டில் நிறைந்துவிடும். 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் வரை தள்ளும். இரண்டுக்கும் செருகி ஒன்றுபோலவே இருக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களானால் எடை கூடும். ஆனால் வெயிலையும் பல ஆண்டுப் பயன்பாட்டையும் அவை நன்றாகத் தாங்கும். நம் ஊர் மே மாதத்தை நினைத்தால் என் வாக்கு அதற்குத்தான்.

சரி, 250 வாட் எல்லையைத் தாண்டினால் என்ன? அந்தச் சைக்கிள் சட்டப்படி மோட்டார் வாகனம். நீங்களே விரும்பி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோனாலும் பதிவு செய்ய மாட்டார்கள். ஏனென்றால் சோதனை நிறுவனம் ஒரு மாதிரியைச் சோதித்துத் தரும் வகை ஒப்புதல் அந்த வண்டிக்கு இல்லவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் பதிவில்லாமல் ஓட்டுவது 192-வது பிரிவு, உரிமமின்றி ஓட்டுவது 181, காப்பீடில்லாமல் ஓட்டுவது 196. இந்த அபராதங்களைவிடப் பெரியது, விபத்தில் மற்றவருக்குத் தர வேண்டிய இழப்பீடு. காப்பீடு இல்லாததால் அது உரிமையாளரின் கையிலிருந்தே போகும். கன்ட்ரோலரிலிருந்து வெளியே தொங்கும் வேக வரம்புக் கம்பியைக் கழற்றிவிட்டு 25-ஐ 40 ஆக்கித் தருவதும் இதே வகைதான். கம்பியைப் பிடுங்கிய நொடியில் விலக்கும் போய்விடுகிறது.

இனி பெட்ரோல் பைக். இங்கே மோட்டாரையும் பேட்டரியையும் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏறக்குறைய உங்களிடம் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே பிரிவு, பேட்டரி, இயற்கை எரிவாயு, சூரிய சக்தி போன்றவற்றால் ஓடும்படி கிட் பொருத்தி மாற்றுவதை, விதிகளில் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கிறது. 2016-இல் அந்த நிபந்தனைகள் மத்திய விதிகளில் சேர்க்கப்பட்டன. முழுக்க மின்சாரத்துக்கு மாற்றும் கிட்டைச் சோதிக்கும் தரம், ஏ.ஐ.எஸ். என்ற வாகனத் தொழில் தரங்களில் 123, மூன்றாம் பாகம்.

இதன் பொருள் என்னவென்றால், ஒப்புதல் பெறுவது மோட்டார் தனியாக அல்ல, பேட்டரி தனியாக அல்ல. மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் சேர்ந்த கிட், எந்தெந்த வண்டிகளுக்கு என்ற குறிப்போடு ஒப்புதல் பெறுகிறது. அதைப் பொருத்துபவரும் கிட் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். அது இல்லையென்றால், தெரிந்த மெக்கானிக் எவ்வளவு கைராசிக்காரர் என்றாலும் பொருத்தக் கூடாது. ஒப்புதல் பெற்ற கிட்டின் மோட்டாரை வைத்துக்கொண்டு, ‘நூறு கிலோமீட்டர் போக வேண்டும்’ என்று வேறொருவரின் பெரிய பேட்டரியைச் செருகினால் அது ஒப்புதல் பெற்ற கிட் அல்ல. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆகவே பைக் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் வண்டியின் மாதிரிக்கு ஒப்புதல் பெற்ற கிட் இருக்கிறதா? இருந்தால் ஒப்புதல் சான்றில் உங்கள் மாதிரியின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பேட்டரி போதுமா என்பதற்குக் கணக்கு எளிது: இப்படி மாற்றிய பைக் நகரத்தில் கிலோமீட்டருக்கு 30 முதல் 40 வாட்-அவர் எடுக்கும், எனவே 2 கிலோவாட்-அவர் பேட்டரியில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். தினசரித் தேவை அதற்குள் வரவில்லையென்றால் மாற்றத்தை மறந்துவிட்டுப் புதிய மின்ஸ்கூட்டர் பார்ப்பது மேல்.

வேலை முடிந்ததும் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் வகை ‘மின்சாரம்’ என்று மாற வேண்டும். 52-வது பிரிவு, மாற்றத்தைப் பதினான்கு நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. என் யோசனை, எஞ்சினைக் கழற்றும் முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுவது. வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். பேட்டரி வாகனங்களின் பதிவுச் சான்றுக்கான கட்டணத்துக்கு 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. எண்பலகை பச்சை நிறத்துக்கு மாறும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் மின்வண்டிக்கு சி.சி. கணக்கில் அல்ல, கிலோவாட் கணக்கில். 2022 ஜூன் அறிவிப்பில் 3 கிலோவாட் வரை ஆண்டுக்கு 457 ரூபாய், 3-க்கு மேல் 7 வரை 607 ரூபாய்.

மானியம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் இருசக்கர வாகன மானியம் புதிய வண்டிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. பழையதை மாற்றுபவருக்கு அதில் பங்கில்லை. வரியிலும் அதே நிலைதான். புதிய மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தனியாக வாங்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கு 18 சதவீதம். வண்டியை மறுபடி பயன்படுத்துபவருக்கு அதிக வரி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசியாகப் பேட்டரியின் பாதுகாப்பு. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் இப்படித் தீப்பற்றியதை அடுத்து ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரித் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஒரு செல் தீப்பற்றினால் அது அடுத்தவற்றுக்குப் பரவும் முன் ஒலியும் ஒளியுமாக எச்சரிக்கை, வெப்பத்தை அளக்கும் உணரிகள், அழுத்தம் வெளியேற வழி, செல்லின் மேல் தயாரிப்புத் தேதி என்று அது கேட்பவை பல. பதிவு செய்யும் வண்டிகளுக்காக எழுதப்பட்ட தரம்தான். ஆனால் சைக்கிளுக்குப் பேட்டரி வாங்குபவரும் அதே கேள்விகளைக் கடையில் கேட்கலாம். ‘புது செல்லா, பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்ததா?’ என்று கேட்டதும் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். படுக்கையறையிலும், வெளியேறும் ஒரே வாசலின் அருகிலும் சார்ஜ் போடாதீர்கள்.

பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் வாங்கும்போதே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைத்திருக்கின்றன. ரசீதும் தயாரிப்பாளர் பெயரும் இல்லாத பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க ஆளே இருக்காது.