ஓக் பீப்பாயின் மணமும் சிவப்பு ஒயினின் தரமும்

கன்னியாகுமரி கடற்கரை விடுதிகளின் உணவகப் பணியாளர்களுக்கு ஒயின் பரிமாறப் பயிற்சி அளிப்பது என் தொழில். வெனிலாவும் கிராம்பும் தூக்கலாக மணக்கும் சிவப்பு ஒயினே உயர்ந்தது என்ற எண்ணம் அவர்களிடமும், விலை கொடுத்து வாங்கும் விருந்தினரிடமும் வேரூன்றியிருப்பதைக் காண்கிறேன்.

அந்த மணத்தின் பெரும்பகுதி ஒயினை முதிரவைக்கும் ஓக் மரப் பீப்பாய் தருவது. பீப்பாய்க்காக ஓக் பலகையை நெருப்பில் வாட்டும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து, வெனிலா மணம் தரும் வெனிலின் உண்டாகிறது. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனாலும் ஓக்கில் உண்டு. நம் மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு மொட்டு ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்துவிட்டு ஒயின் கிண்ணத்தை மூக்கருகே கொண்டு சென்றால், எது மரத்தின் பங்கு என்பது புதியவருக்கும் பிடிபட்டுவிடும். ஸ்பெயினின் ரியோஹா வட்டார ஒயின்களில் மரபாகப் பயன்படும் அமெரிக்க ஓக், லாக்டோன் என்னும் மணப்பொருளின் மிகுதியால் தேங்காய் வாசமும் தருகிறது. அதை நம் மாவட்டத்தாருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் செய்யும் இனிப்பு ஒயினுக்குப் பழகிய நாக்கு வெனிலா மணத்தை நம்பி இனிப்பை எதிர்பார்ப்பதும், பின் முகம் சுளிப்பதும் இங்கே வழக்கம்.

ஆகவே, தரத்தை அறிய, மரவாசத்தை இனங்கண்டபின் அதன் அடியில் பழத்தின் மணம் நிற்கிறதா என்று தேட வேண்டும். ஒரு வாய் எடுத்துச் சுழற்றினால் ஈறுகளில் ஏறும் துவர்ப்பு, திராட்சைத் தோலும் விதையும் தந்த டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு மரத்தின் டானினும் சேர்ந்தது. அதைத் தாங்கப் புளிப்பும் பழச்சுவையும் போதுமான அளவில் இருக்க வேண்டும். உமிழ்ந்த பிறகு கரிந்த மரத்தின் கசப்பு மட்டுமே எஞ்சுமானால், மெலிந்த ஒயினை ஓக் மறைத்திருக்கிறது என்றே நான் குறித்துக்கொள்வேன்.

பீப்பாயே இல்லாமலும் இந்த மணம் வரும். எஃகுத் தொட்டியில் ஓக் சில்லுகளை ஊறவைக்கும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் அனுமதித்தது. அது கலப்படமன்று, ஆனால் பலகையின் நுண்துளைகள் வழியே மெல்லக் கசியும் ஆக்சிஜன் துவர்ப்பைத் தணிக்கும் வேலையைச் சில்லுகள் செய்வதில்லை. சிவப்பு ரியோஹா புட்டியில் 'ரிசர்வா' என்றிருந்தால் குறைந்தது 3 ஆண்டு முதிர்ச்சி, அதில் 1 ஆண்டாவது பீப்பாயில் என்று பொருள். அதுவும் காலத்துக்குத்தான் சான்று, தரத்துக்கு அன்று.

நம்மூர் வெக்கையும் மதிப்பீட்டைக் கெடுக்கும். இவ்வகை ஒயினை 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் சுவைக்க வேண்டும்; நாகர்கோவில் கோடையில் அலமாரியிலேயே 30 டிகிரியைத் தாண்டிய புட்டியில் ஆல்கஹாலின் நெடி பழத்தை அமுக்கிவிடும். ஃபிரிட்ஜில் வைத்து அந்த அளவுக்குக் குளிர்விக்காத புட்டிக்கு நான் மதிப்பெண் இடுவதில்லை.