புவியியல் தகவல் முறைமை: சொல்லும் பொருளும்

கொழும்பில் நில அளவையாளரும் நகரத் திட்டமிடலாளரும் உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கும் மாணவரும் பேச்சில் சொல்வது ‘ஜீ.ஐ.எஸ்.’ என்ற மூன்றெழுத்தைத்தான். ‘ஜியோகிரபிக் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமான இது, இடங்களைப் பற்றிய தரவுகளைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க உதவுவது. அதனைத் தமிழில் எழுத வேண்டி வரும்போதோ புவியியல் தகவல் முறைமை, புவியியல் தகவல் தொகுதி, புவிசார் தகவல் அமைப்பு என ஒன்றுக்கு மூன்று பெயர்கள் வந்து நிற்கின்றன. இவற்றுள் எதனைக் கொள்வது என்று தீர்மானிப்பதற்கு முன், மூலத்தொடர் எதனைக் குறிக்கப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

அத்தொடர் 1960களைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய றொஜர் டொம்லின்சன், கென்யாவில் மரத்தோட்டம் அமைக்க ஏற்ற நிலத்தைத் தேடும் வேலையொன்றில், பல நிலப்படங்களை ஒன்றோடொன்று வைத்துக் கையால் ஒப்பிட ஆகும் செலவு கட்டுப்படியாகாது எனக் கண்டு, அவ்வேலையைக் கணினியிடம் விடலாம் என்று முன்மொழிந்தார். பின்னர் கனடா அரசு தன் நிலவளங்களைக் கணக்கெடுத்தபோது அவர் தலைமையில் உருவானதே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படும் முறைமை. 1968இல் அவர் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பிலும் இத்தொடர் இடம்பெற்றது. ஆகவே, படம் வரைவதற்காக அன்றி, படங்களை ஒன்றோடொன்று பொருத்திக் கேள்வி கேட்பதற்காகவே இச்சொல் பிறந்தது. கைத்தொலைபேசியில் வழி பார்ப்பதையெல்லாம் ஜீ.ஐ.எஸ். என்று சொல்லிவிடும் வழக்கம் இங்கு பரவியிருப்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி உறுப்புகள். ‘புவியியல்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் பாட்டன்மார் பள்ளியில் பூமிசாத்திரம் என்று படித்ததன் இன்றைய பெயர் அது. ‘தகவல்’ என்பதைத் ‘தரவு’ என்பதிலிருந்து பிரித்தறிய வேண்டும். ஒரு கால்வாயின் நீளமும் அது செல்லும் இடமும் தரவு. அக்கால்வாய் பெருகினால் எந்த வீதி நீரில் மூழ்கும் என்பது தகவல். முன்னதிலிருந்து பின்னதைப் பெறும் ஒழுங்கையே மூன்றாவது உறுப்பு குறிக்கிறது. பெயர்களுக்கிடையிலான வேறுபாடும் அங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘சிஸ்டம்’ எனப்படும் அந்த உறுப்பின் மூலமான ‘சிஸ்தேமா’ என்ற கிரேக்கச் சொல் சேர்த்து நிறுத்தப்பட்டது என்று பொருள்படும். அதற்கு மிக நெருங்கிய சொல் ‘தொகுதி’ என்பதை மறுக்க முடியாது. சமிபாட்டுத் தொகுதி, சுற்றோட்டத் தொகுதி என இலங்கைப் பாடநூல்களில் அது நன்கு வேரூன்றியும் உள்ளது. ஆனால் தொகுதி என்றதும் பொதுவாசகருக்குத் தேர்தல் தொகுதியும் நூலின் முதலாம் தொகுதியும் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் பெருவழக்கான ‘அமைப்பு’ இங்கே இளைஞர் அமைப்பு, பெண்கள் அமைப்பு என்று சங்கங்களைச் சுட்டுகிறது. ‘முறைமை’ பொருள்களின் சேர்க்கையோடு அவை இயங்கும் ஒழுங்கையும் சொல்கிறது. கணினிப் பாடத்தில் ‘பணிசெயல் முறைமை’ (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) ஏற்கெனவே நிலைத்தும் விட்டது. எனவே புவியியல் தகவல் முறைமை என்பதே பொருத்தமானது என்பது என் முடிவு.

முறைமை எவ்வாறு இயங்குகிறது என்பதற்குக் களனி ஆற்றை எடுத்துக்கொள்வோம். 2016 மே மாதத்தில் அது பெருகிக் கொலன்னாவைப் பகுதியில் வீடுகள் மூழ்கின. அப்பகுதியின் நில உயரம், கால்வாய்கள், வீதிகள், கிராம அலுவலர் பிரிவு எல்லைகள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் ‘படை’யாக வைத்து, குறிப்பிட்ட நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள நிலத்தைப் பிரித்தெடுத்து, அதன்மேல் பிரிவு எல்லைகளைப் பொருத்தினால், எந்தப் பிரிவில் எத்தனை குடும்பங்களை இடம்பெயர்க்க நேரும் என்று மதிப்பிடலாம். ஓசோன் படை என்று நாம் வழங்கும் அதே படைதான் இதுவும், புதுச்சொல் தேவையில்லை.

தரவு இருவகையாகச் சேமிக்கப்படுகிறது. புள்ளி, கோடு, பல்கோணி என்று வடிவங்களாகச் சேமிப்பதை ஆங்கிலத்தில் வெக்டர் என்பர். நம் கணிதப் பாடத்தில் அதற்குக் ‘காவி’ என்று பெயர். சுமந்து செல்வது என்று பொருள்படும் இலத்தீன் மூலத்துக்கு, காவிக்கொண்டு போவது என்ற நம் பேச்சுவழக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. டெங்கு நுளம்பை நோய்க்காவி என்பதும் இதனாலேயே. மற்றையது செய்மதிப் படம்போல் நிலப்பரப்பைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பெறுமானம் கொடுப்பது. இதற்கான ராஸ்டர் என்ற சொல், நிலத்தில் வரிவரியாகக் கீறும் பல்வாரியின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. ‘கட்டத் தரவு’ என்றால் மாணவருக்கு உடனே விளங்கும்.

தொடக்கநிலையினர் மிக அதிகமாகத் தடுமாறுவது, ஓரிடத்தின் இருப்பை எண்களால் குறிக்கும் ‘ஆள்கூறு’ விடயத்தில். கொழும்பின் இருப்பிடத்தை அகலக்கோடு 6.93 பாகை வடக்கு, நெடுங்கோடு 79.86 பாகை கிழக்கு என்றும் எழுதலாம். இலங்கையின் தேசிய ஆள்கூற்று வலையில் மீற்றர்க் கணக்கிலும் எழுதலாம். அவ்வலையின் மூலப்புள்ளி, அதாவது தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் புள்ளி, பிதுருதலாகல மலையருகே உள்ளது. பழைய வலையில் அப்புள்ளிக்குக் கிழக்காகவும் வடக்காகவும் 200,000 மீற்றர் என்றும், 1999ஆம் ஆண்டின் புதிய வலையில் 500,000 மீற்றர் என்றும் பெறுமானம் வழங்கப்பட்டுள்ளது. இதனால் கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தின் கிழக்கு ஆள்கூறு பழைய வலையில் 100,000இற்குச் சற்றுக் குறைவாகவும் புதியதில் 400,000இற்குச் சற்றுக் குறைவாகவும் வரும். பழைய தரவைப் புதிய வலை என்று மென்பொருளிடம் சொல்லிவிட்டால், அந்நிலையம் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் நகர்ந்து இந்து சமுத்திரத்தில் போய் நிற்கும். மென்பொருள் அதனைப் பிழை என்று சொல்லாது. ஆகவே தரவொன்று கைக்கு வந்ததும் அது எந்த வலையைச் சேர்ந்தது என்பதைக் கேட்டறிந்து, கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது நல்லது.