ஒளியோடு ஒளி மோதும்போது

தென்னாப்பிரிக்காவின் உம்லாங்கா கலங்கரை விளக்கத்தின் ஒளியும், டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பலொன்றின் தேடுவிளக்கொளியும் குறுக்கிட்டால், இரண்டும் சிறிதும் சிதறாமல் தத்தம் வழியே போய்விடுகின்றன. மின்காந்தவியலின் அடிப்படையான மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளும் அதையே சொல்கின்றன. ஆனால் ஒளியும் மின்னூட்டத் துகள்களும் ஊடாடுவதை விளக்கும் குவாண்டம் மின்னியக்கவியலுக்கு இது மிக நல்ல தோராயம் மட்டுமே.

அக்கோட்பாட்டின்படி, வெற்றிடத்தில் எலக்ட்ரான், அதன் நேர்மின் எதிர்த்துகளான பாசிட்ரான் ஆகியவற்றின் இணைகள் தோன்றும் வாய்ப்பு எப்போதும் மறைந்திருக்கிறது. வலிய மின்புலம் அந்த வாய்ப்பை மாற்றும்போது, அவ்வழியே செல்லும் வேறோர் ஒளிக்கற்றைக்கு வெற்றிடமே மிக மெல்லிய கண்ணாடியைப் போன்ற ஊடகமாகிவிடுகிறது. இயற்பியலாளர்கள் ஹைசன்பெர்க்கும் ஹான்ஸ் ஆய்லரும் 1936இல் இதைக் கணித வடிவில் எழுதினர். புலத்தின் வலிமை மீட்டருக்கு ஏறத்தாழ 1.3 × 10¹⁸ வோல்ட் என்னும் ஸ்விங்கர் வரம்பை நெருங்கினால், இணைகள் உண்மைத் துகள்களாகவே வெளிப்படத் தொடங்கும்.

இவ்வரம்பை லேசரால் எட்ட, சதுர சென்டிமீட்டருக்கு 10²⁹ வாட்டுக்கும் மேற்பட்ட செறிவு வேண்டும். தென்கொரிய ஆய்வகம் ஒன்று 2021இல் எட்டிய செறிவோ 10²³ வாட். செறிவு புலத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், புலத்தில் உள்ள குறை ஆயிரம் மடங்குக்குச் சற்று மேல்தான். பொறியியலில் அதுவும் பெரிய பள்ளமே. மேலும், ஒரே திசையில் செல்லும் தனியொரு சமதள அலை (தட்டையான முகப்புடைய ஒளியலை) எவ்வளவு வலியதாயினும் தானாக இணைகளை உருவாக்காது. அதற்கு எதிரே மற்றொன்று வர வேண்டும்.

இங்கேதான் சார்பியல் கைகொடுக்கிறது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தியும் இதுவே. ஒளிவேகத்தை ஒட்டிப் பாயும் எலக்ட்ரானை லேசருக்கு எதிராக அனுப்பினால், எலக்ட்ரானின் பார்வையில் அந்தப் புலம் பல்லாயிரம் மடங்கு பெருகித் தெரியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் நேர்கோட்டு முடுக்கியில் 46.6 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய எலக்ட்ரான்கள் பச்சை லேசரைச் சந்தித்தபோது, ஸ்விங்கர் வரம்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அவை உணர்ந்தன. எலக்ட்ரானில் பட்டுத் திரும்பிய சில ஒளித்துகள்கள் காமா கதிர்களாக மாறின. அக்காமா ஒன்று, குறைந்தது நான்கு லேசர் ஒளித்துகள்களோடு ஒரே நிகழ்வில் சேர்ந்து எலக்ட்ரான்–பாசிட்ரான் இணையாயிற்று. 1997இல் வெளியான முடிவில் இருந்த பாசிட்ரான்கள் சுமார் நூறே. ஆயினும் ஒளியிலிருந்து பொருள் பிறந்ததற்கு அது போதிய சான்று.

ஒளித்துகள்கள் ஒன்றையொன்று சிதறடிப்பதை, ஈய அணுக்கருக்கள் உரசாமல் அருகருகே கடக்கும்போது ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் அட்லஸ் கருவி 2019இல் உறுதிப்படுத்தியது. கேப் டவுன், ஜோகன்னஸ்பர்க், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகங்களும் அக்கூட்டுமுயற்சியில் உள்ளன. அங்கே ஒளித்துகள்களைத் தந்தது அணுக்கருவைச் சூழ்ந்த மின்புலம். இரண்டு லேசர் கற்றைகளை மட்டும் மோதவிட்டு அதே சிதறலைப் பிடிப்பது இன்னும் கைகூடவில்லை.