தண்ணி குடிச்சா கஞ்சா போயிடும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?

இந்த மாசத்துல இது மூணாவது ஆளு. பேங்காக்ல கஞ்சா அடிச்சுட்டு வந்த பையன், தலைசுத்தல் வாந்தின்னு இங்க சிங்கப்பூர்ல என் கிளினிக்குக்கு வந்தான், கையில ஒன்றரை லிட்டர் பாட்டில், காலையிலேருந்து அது அஞ்சாவதாம். "டாக்டர், இந்நேரம் எல்லாம் வெளிய போயிருக்கும்ல?" கஞ்சா எங்கேயும் போகல தம்பி, நீத்துப்போனது உன் ரத்தத்துல இருக்கிற உப்புதான். சோடியம் எறங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு.

தண்ணி, எலுமிச்சை, மோரு, இளநீ... யாருங்க இதெல்லாம் கிளப்பி விடுறது? நெய் ஒட்டின கிண்ணத்த வெறும் தண்ணியில கழுவிப் பாத்திருக்கீங்களா, எத்தன தடவ ஊத்துனாலும் வழவழன்னுதான் இருக்கும். கஞ்சாவுல போதை குடுக்குற டிஎச்சி (THC)ங்கற பொருள் அந்த நெய் ஜாதி. கொழுப்புல கரையும், தண்ணியில கரையாது, அதனால உடம்புக் கொழுப்புல போய் உக்காந்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குத் திரும்பும். சோப்பு போடுற வேலை கல்லீரலோடது. முதல்ல 11-ஹைட்ராக்சி டிஎச்சியா மாத்தும் (அதுக்கும் போதை உண்டு), அப்புறம்தான் போதையில்லாத கார்பாக்சி டிஎச்சி. யூரின் டெஸ்ட்ல தேடுறது இந்தக் கடைசி ஆளத்தான். உடம்ப விட்டு வெளிய போறதுலயும் பெரும்பங்கு மலத்துல போகுது, யூரின்ல சுமார் 20 சதவீதம்தான். பியர் மாதிரி மறுநாளே காணாமப் போற சமாச்சாரம் இல்லீங்க, ஒரே தடவைன்னாலும் சில நாள் இருக்கும், தினம் இழுக்குறவங்களுக்கு 30 நாள் தாண்டியும் தெரியும், முடியில மாசக்கணக்கு. இன்னொருத்தர் ஓடி வேர்வையில எறக்கப் போறாராம். கொழுப்பு கரைஞ்சா உள்ள இருக்கிறது ரத்தத்துக்குத்தான் சார் வரும்!

புகைன்னா சில நிமிஷத்துல ஏறிடும். கஞ்சா கலந்த குக்கீ, மிட்டாய்னா வயிறு, கல்லீரல்னு சுத்திட்டு வரணும், உச்சத்துக்குப் போக 1 முதல் 3 மணி நேரம். அரை மணியில ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொன்ன போடுவாங்க, ரெண்டும் சேந்து தூக்கும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு செத்துருவோமோன்னு கத்துவாங்க. தாய்லாந்துல நொறுக்குத்தீனி வாங்குறப்ப பாக்கெட்ல கஞ்சா இலை படம் இருக்கான்னு பாருங்க. தயவுசெஞ்சு பிள்ளைங்க கைக்குப் போக விடாதீங்க.

முட்டிவலிக்கு, கஞ்சாச் செடியிலேருந்து எடுக்குற சிபிடி (CBD) ஆயில் வெளிநாட்டுலேருந்து வருதுன்னு ஒரு ஆன்ட்டி ஆசையா சொன்னாங்க. அவங்க ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்குறவங்க. ஆன்ட்டி, வார்ஃபரின ஒடைக்கிற கல்லீரல் வேலைய அது தடுக்கும், ரத்தக்கசிவுல கொண்டுபோய் விடலாம், இங்க அது தடை செஞ்ச பொருள் வேற. வேணாம்.

சிங்கப்பூரரோ பிஆரோ (நிரந்தரவாசி), வெளிநாட்டுல கஞ்சா அடிச்சாலும் இங்க குத்தம்தான், "அங்க சட்டப்படி சரிதானே"ன்னு என்கிட்ட வாதாடாதீங்க. அடிமைப் பழக்கம்னு சந்தேகம் வந்தா டாக்டருங்க நாங்க சிஎன்பிக்கு (போதைப்பொருள் தடுப்புப் பிரிவு) தெரிவிச்சாகணும், அத உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா யாராவது மயங்கிக் கிடந்தா யோசிச்சுட்டு நிக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு 995 அடிங்க, என்ன சாப்பிட்டாங்க, எப்ப சாப்பிட்டாங்கன்னு உள்ளத சொல்லுங்க. வாயில தண்ணிய மட்டும் ஊத்தாதீங்க.